அத்தியாயம் 9: மஞ்சள் நோட்டீஸ் கொடுத்தால் கோர்ட் அபராதம் கழியுமா?

கழியாது.

இந்த அத்தியாயத்தில் வேறெதையும் படிக்க நேரமில்லாதவர் இந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு போகலாம். நேரமிருப்பவர்கள் மேலே படியுங்கள். கழியாத அபராதத்தை வைத்துக்கொண்டே, மஞ்சள் நோட்டீஸ் என்று சொல்லப்படும் ஐ.பி. (நொடிப்பு) மனுவை எப்படி நடத்துவது, எதை முன்னால் செய்வது, எங்கே கால் இடறும் என்பதுதான் இனி வருவது.

போன அத்தியாயங்களில் பார்த்த சட்டங்களை ஒரு வரியில் நினைவுபடுத்திக்கொள்வோம். சென்னையில் இருப்பவர்களுக்கு 1909-ஆம் ஆண்டின் மாகாண நகரங்கள் நொடிப்புச் சட்டம். மனு உயர் நீதிமன்றத்துக்குப் போகும், சொத்து அஃபிஷியல் அசைனி கைக்குப் போகும். மற்ற மாவட்டத்தாருக்கு 1920-ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம். மனு பெரும்பாலும் சப் கோர்ட்டில், சொத்து அஃபிஷியல் ரிசீவரிடம். 2016-இல் வந்த திவால் சட்டத்தின் தனிநபர் பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்களுக்கு மட்டுமே 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. மளிகைக் கடைக்காரருக்கும் விசைத்தறிக்காரருக்கும் இன்றும் நூறாண்டுப் பழைய சட்டம்தான்.

ஏன் கழியாது? இரண்டே காரணம்

ஒன்று, அபராதம் கடன் அல்ல, தண்டனை. கடன் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் இடையிலான வழக்கைத்தான் ஐ.பி. நிறுத்தி வைக்கும். குற்றவியல் நீதிமன்றம் கொடுத்த தண்டனையில் சப் கோர்ட் கை வைக்க முடியாது.

இரண்டு, ‘அதுவும் கட்ட வேண்டிய பணம்தானே, கடன் மாதிரிதானே’ என்று வாதாடினாலும் பயனில்லை. 1920 சட்டத்தின் 44-ஆம் பிரிவு, விடுவிப்பு உத்தரவு கிடைத்த பிறகும் உங்களை விடாத பாக்கிகளைப் பட்டியலிடுகிறது. அதில் முதலாவதே அரசுக்குச் சேர வேண்டிய பாக்கி. மோசடியால் வந்த கடனும், மனைவி மக்களுக்கான ஜீவனாம்சமும் அதே பட்டியலில் உண்டு. சென்னைக்கான 1909 சட்டத்தின் 45-ஆம் பிரிவும் இதையேதான் சொல்கிறது. 2016 சட்டம் இன்னும் வெளிப்படை. நீதிமன்றமோ தீர்ப்பாயமோ விதித்த அபராதத்தை, திவாலால் கழியாத ‘விலக்கப்பட்ட கடன்’ என்று பெயர் சொல்லியே ஒதுக்கி வைத்திருக்கிறது.

தத்துவம் இவ்வளவு போதும். காகிதங்களை எடுங்கள்.

காகிதங்களை மூன்று கட்டாகப் பிரியுங்கள்

நீதிமன்றத்திலிருந்து வந்த எல்லாத் தாளையும் தரையில் பரப்புங்கள். ‘கோர்ட்டுக்குக் கட்ட வேண்டிய பணம்’ என்று மக்கள் பொதுவாகச் சொல்வதில் மூன்று வகை கலந்து கிடக்கும். பிரித்தால்தான் வழி தெரியும்.

முதல் கட்டு: சிவில் கோர்ட் டிக்ரி, புரோ நோட்டு வழக்குத் தீர்ப்பு, எதிராளிக்குக் கொடுக்கச் சொன்ன வழக்குச் செலவுத் தொகை. இவை கடன்கள். கோர்ட் முத்திரை இருப்பதால் அபராதம் என்று பயந்துவிட வேண்டாம். ஐ.பி. மனு இவற்றுக்காகத்தான்.

இரண்டாம் கட்டு: ஜே.எம். கோர்ட், செஷன்ஸ் கோர்ட் விதித்த அபராதம், போக்குவரத்து வழக்கில் கோர்ட் போட்ட ஃபைன், உத்தரவை நிறைவேற்றாததற்கு நுகர்வோர் ஆணையம் விதித்த அபராதம். இவை கழியாது. நுகர்வோர் ஆணையத்தின் அபராதத்தைப் பற்றி 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றமே தெளிவாக்கிவிட்டது: 2016 சட்டப்படி மனுப் போட்டதும் தானாக வரும் இடைக்காலத் தடை அந்த அபராத வசூலை நிறுத்தாது.

மூன்றாம் கட்டு: குற்றவியல் கோர்ட் எதிர்த்தரப்புக்குக் கொடுக்கச் சொன்ன நஷ்டஈடு. செக் கேஸில் பெரும்பாலும் இதுதான் வரும். இதோடு ஜீவனாம்ச உத்தரவையும் வையுங்கள். இந்தக் கட்டில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். பணம் தனி ஆளுக்குப் போகிறது, ஆகவே இது கடன் என்று தோன்றும். ஆனால் ‘கட்டத் தவறினால் மூன்று மாதம் சிறை’ என்ற வரி அதே உத்தரவில் இருக்கும். அப்படி ஒரு வரி போட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. செக் பணத்தைக் கடன்பட்டியலில் காட்டுங்கள். ஆனால் ஐ.பி. போட்டுவிட்டோம், நஷ்டஈடு நின்றுவிடும் என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

*குறிப்பு:* தீர்ப்பின் கடைசிப் பக்கத்தைப் படித்தால் போதும். ‘அபராதம்’, ‘நஷ்டஈடு’, ‘அபராதத்திலிருந்து நஷ்டஈடு’ ஆகிய மூன்றில் எது என்று பென்சிலால் வட்டம் போடுங்கள். மூன்றுக்கும் விளைவு வேறு. நகல் இல்லையென்றால் முதலில் நகல் மனுப் போடுங்கள். வக்கீல் குமாஸ்தா சொன்னதை வைத்துக் கணக்குப் போட வேண்டாம்.

என்ன வரிசையில் செய்வது

1. தேதிகளை ஒரு தாளில் எழுதுங்கள். தண்டனை வழங்கிய நாள், அபராதத் தொகை, கட்டாவிட்டால் எத்தனை நாள் சிறை, இதுவரை கட்டியது. மேஜிஸ்திரேட் தீர்ப்பின் மீது செஷன்ஸ் கோர்ட்டில் மேல்முறையீடு செய்ய 30 நாள்தான். ஐ.பி. மனு தயாரிக்கும் பரபரப்பில் இந்த 30 நாளைக் கோட்டைவிடுவது வழக்கமாக நடக்கிறது. ஐ.பி. காத்திருக்கும், மேல்முறையீட்டுக் கெடு காத்திருக்காது.

2. செக் கேஸில் மேல்முறையீடு என்றால் அபராதம் அல்லது நஷ்டஈட்டில் குறைந்தது 20 சதவீதம் கட்டச் சொல்வார்கள். கெடு 60 நாள், தக்க காரணம் இருந்தால் இன்னொரு 30 நாள். கட்டவே முடியாத விதிவிலக்கான நிலைமை என்று காட்டினால் இந்த நிபந்தனையைத் தளர்த்தலாம் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் ஐ.பி. மனுவும் சொத்துப் பட்டியலும் உதவக்கூடிய இடம் இது. அபராதத்தை அழிக்க உதவாத அதே காகிதம், இருபது சதவீதத்தைக் குறைத்துக் கேட்க ஆதாரமாகும். நகலை மேல்முறையீட்டு மனுவோடு இணையுங்கள்.

3. தவணை கேளுங்கள். வெறும் அபராதம் மட்டுமே தண்டனை, கட்டாவிட்டால் சிறை என்ற உத்தரவுக்கு, இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 464-ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. முழுத் தொகைக்கு 30 நாள் அவகாசம் கேட்கலாம், அல்லது இரண்டு மூன்று தவணை கேட்கலாம். முதல் தவணை 30 நாளுக்குள், அடுத்தடுத்தவை 30 நாளுக்கு மிகாத இடைவெளியில். பத்திரம் எழுதிக் கொடுத்தால் அதுவரை சிறையை நிறுத்தி வைப்பார்கள். பன்னிரண்டு தவணை கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம், சட்டத்தில் மூன்றுதான். சிறையும் அபராதமும் சேர்ந்த தண்டனைக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. அங்கே மேல்முறையீட்டோடு தண்டனையை நிறுத்தி வைக்கக் கேட்பதுதான் வழி.

4. பணம் எங்கிருந்து வருகிறது என்பதை முடிவு செய்யுங்கள். இந்த அத்தியாயத்தில் நிதானமாகப் படிக்க வேண்டிய இடம் இது, ஆகவே கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

5. அதன் பிறகு ஐ.பி. மனுவைத் தாக்கல் செய்யுங்கள். அபராதம் கழியாது என்றாலும் பட்டியலில் எழுதுங்கள். கழியாததை எதற்குக் காட்டுவது என்று கேட்பீர்கள். உங்கள் மேல் உள்ள எல்லாப் பண உரிமைகளையும் மனுவில் காட்ட வேண்டும் என்பது சட்டம். ஒன்றை மறைத்தீர்கள் என்று எதிர்த்தரப்பு கண்டுபிடித்தால் மற்ற ஐம்பதையும் சந்தேகிப்பார்கள்.

6. கட்டியதற்கெல்லாம் ரசீது வாங்குங்கள். ரசீதின் நகலைத் தண்டனை கொடுத்த கோர்ட்டிலும் ரிசீவரிடமும் கொடுங்கள். இரண்டு அலுவலகமும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

நாலாவது படி: எந்தப் பணத்தில் கட்டுவது

திருப்பூரில் ஜாப் ஒர்க் செய்த ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். கடன் பதினெட்டு லட்சம். ஒரு வழக்கில் அபராதம் 30,000, கட்டாவிட்டால் மூன்று மாதம் சிறை. திங்கட்கிழமை ஐ.பி. மனுத் தாக்கல் செய்கிறார். வியாழக்கிழமை தன் மோட்டார் சைக்கிளை விற்று 30,000 ரூபாயை கோர்ட்டில் கட்டுகிறார். நல்ல மனசு. கோர்ட் உத்தரவைத்தான் மதித்தார். ஆனாலும் சிக்கல்.

நொடித்தவர் என்று கோர்ட் தீர்மானித்தால், அந்த உத்தரவு மனுத் தாக்கல் செய்த நாளிலிருந்தே செல்லும் என்று 1920 சட்டத்தின் 28-ஆம் பிரிவு சொல்கிறது. அதாவது தீர்மானம் ஆறு மாதம் கழித்து வந்தாலும், வண்டி திங்கட்கிழமையே ரிசீவருடையது. வியாழக்கிழமை அவர் விற்றது தன் வண்டியை அல்ல. தீர்மானத்துக்குப் பிறகு புதிதாகக் கைக்கு வரும் சொத்தும் விடுவிப்பு கிடைக்கும் வரை ரிசீவரிடம்தான் சேரும்.

ஆகவே வழிகள் இவை, எனக்குப் பிடித்த வரிசையில்:

அ) மனைவி, அண்ணன், மச்சான் என்று யாராவது தங்கள் சொந்தப் பணத்தில் கட்டட்டும். அபராதத்தை யார் கட்டினாலும் கோர்ட் வாங்கிக்கொள்ளும். அவர்கள் வங்கிக் கணக்கிலிருந்து போவது நல்லது. அதை ‘திருப்பித் தருகிறேன்’ என்று கடனாக எழுதி வாங்க வேண்டாம். விடுவிப்புப் பெறாத நொடித்தவர் தன் நிலையைச் சொல்லாமல் 50 ரூபாய் அல்லது அதற்கு மேல் கடன் வாங்கினால் 1920 சட்டத்தில் அது குற்றம். ஐம்பது ரூபாய் என்பது அச்சுப்பிழை இல்லை, அந்தக் காலத்துக் கணக்கு.

ஆ) மனுப் போடுவதற்கு முன்பே, உங்கள் கையிருப்பிலிருந்து கட்டுங்கள். மனுவுக்கு முந்தைய மூன்று மாதத்தில் ஒரு கடன்காரருக்கு மட்டும் சலுகை காட்டிப் பணம் கொடுத்ததை ரிசீவர் ரத்து செய்யக் கேட்கலாம். கோர்ட் உத்தரவுக்கு அஞ்சிக் கட்டிய அபராதம் சலுகை அல்ல. ஆனால் நஷ்டஈடு தனி ஆளுக்குப் போவதால் கேள்வி வரலாம். உத்தரவின் நகல், கெடு தேதி, ரசீது மூன்றையும் ஒன்றாகக் குத்தி வைத்திருந்தால் பதில் தயார்.

இ) மனுப் போட்டுவிட்டீர்கள், உறவிலும் யாரிடமும் பணமில்லை என்றால், ஐ.பி. நடக்கும் கோர்ட்டிலேயே அனுமதி கேட்டு மனுக் கொடுங்கள். அனுமதி கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. கேட்காமல் செய்வதைவிட மேல்.

வாரண்ட் வந்தால்

அபராதம் கட்டவில்லை என்றால் நீதிமன்றம் இரண்டு விதமாக வசூலிக்கலாம் என்கிறது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 461-ஆம் பிரிவு. அசையும் பொருளை ஜப்தி செய்து விற்கலாம். அல்லது கலெக்டருக்கு எழுதி, நிலவரி பாக்கி போல வசூலிக்கச் சொல்லலாம். இரண்டாவது என்றால் தாலுகா அலுவலகத்திலிருந்து ஆள் வருவார். கலெக்டர் வழியாக வரும் இந்த வாரண்டில் உங்களைக் கைது செய்யவோ அடைத்து வைக்கவோ முடியாது என்று அதே பிரிவு சொல்கிறது. கட்டாவிட்டால் சிறை என்ற தீர்ப்பு வேறு, இந்த வசூல் வாரண்ட் வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடியவர்கள் உண்டு.

ஜப்திக்கு வந்தவரிடம் சண்டை வேண்டாம். செய்ய வேண்டியது:

1. வாரண்டைப் படியுங்கள், எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், முடிந்தால் போட்டோ எடுங்கள்.

2. நீங்கள் நொடித்தவர் என்று ஏற்கெனவே தீர்மானமாகியிருந்தால் அந்த உத்தரவின் நகலைக் காட்டி, ‘இந்தப் பொருள்கள் ரிசீவர் வசம்’ என்று எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னது நிற்காது.

3. அன்றே ரிசீவர் அலுவலகத்துக்குத் தகவல் கொடுங்கள். பொருள் யாருடையது என்று சொல்ல வேண்டியது அவர். நீங்களே ஒளித்து வைத்தால் இரண்டு கோர்ட்டுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

4. மனைவி பெயரில் உள்ள பொருள் என்றால் பில்லைக் காட்டுங்கள். பில் இல்லாத ஃப்ரிட்ஜ் யாருடையது என்ற விவாதத்தில் வென்றவர் குறைவு.

சிறையில் இருந்துவிட்டால் அபராதம் தீர்ந்துவிடுமா?

பாதி உண்மை. கட்டாததற்கான சிறையை முழுவதும் அனுபவித்துவிட்டால், தனிக் காரணங்களை எழுதி வைக்காமல் வசூல் வாரண்ட் பிறப்பிக்கக் கூடாது. ஆனால் அபராதத்திலிருந்து நஷ்டஈடு கொடுக்க உத்தரவு இருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. தனியாக விதித்த நஷ்டஈடும் அப்படித்தான். சிறை அனுபவித்த பிறகும் வசூலிக்கலாம் என்று 2017-இல் கேரளத்து வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ‘உள்ளே போய் இருந்துட்டு வந்துடறேன், கணக்கு நேர்’ என்று திண்ணையில் சொல்லும் யோசனை செக் கேஸில் செல்லாது.

உள்ளே இருக்கும்போதே கொஞ்சம் கட்டினாலும் பலன் உண்டு. நம் திருப்பூர்க்காரரையே எடுத்துக்கொள்வோம். 30,000 ரூபாய்க்கு மூன்று மாதம். இரண்டு மாதம் இருந்துவிட்டார், அதாவது மூன்றில் இரண்டு பங்கு. இப்போது வீட்டார் 10,000 கட்டினால் போதும், மீதி நாளைக் கழிக்க வேண்டியதில்லை, விட்டுவிட வேண்டும். இப்போதைய தண்டனைச் சட்டமான நியாய சன்ஹிதாவின் 8-ஆம் பிரிவில் இந்த விகிதக் கணக்கு இருக்கிறது. வீட்டார் முழுத் தொகைக்காக வட்டிக்கு அலைவதற்கு முன் காகிதத்தில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும்.

அதே பிரிவில் இன்னொன்று: கட்டாத அபராதத்தைத் தண்டனை நாளிலிருந்து ஆறு ஆண்டுக்குள் வசூலிக்கலாம். தண்டனை ஆறு ஆண்டுக்கு மேற்பட்ட சிறை என்றால் அந்தக் காலம் முடியும் வரை. ஆள் இறந்தாலும் அவர் விட்டுப்போன சொத்தின் மேல் அபராதம் தொடரும். ஆறு ஆண்டை ஓட்டிவிடலாம் என்று திட்டமிடுகிறவர்கள் அந்த ஆறு ஆண்டில் ஒரு வாரண்ட் போதும் என்பதை மறக்கிறார்கள்.

அடிக்கடி நடக்கும் பிழைகள்

செக் கேஸ் நடக்கும்போது ஐ.பி. போட்டுவிட்டு வாய்தாவுக்குப் போகாமல் இருப்பது முதல் பிழை, பெரிய பிழையும் அதுதான். ஐ.பி. எண்ணைச் சொன்னால் மேஜிஸ்திரேட் வழக்கை நிறுத்திவிடுவார் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். நிறுத்த மாட்டார், பிடிவாரண்ட் போடுவார். 2016 சட்டத்தின் இடைக்காலத் தடைகூட செக் கேஸைத் தடுக்காது என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. கம்பெனி திவால் நடவடிக்கைக்குப் போனால் கம்பெனி மேலுள்ள செக் கேஸ் நிற்கும், கையெழுத்துப் போட்ட டைரக்டர் மேலுள்ளது நிற்காது என்பது 2021 தீர்ப்பு.

பாதுகாப்பு உத்தரவைத் தவறாகப் புரிந்துகொள்வது இரண்டாவது. ஐ.பி. கோர்ட் 1920 சட்டத்தின் 31-ஆம் பிரிவில் கொடுக்கும் பாதுகாப்பு, கடனுக்காகக் கைதாவதிலிருந்துதான். அந்தத் தாளைச் சட்டைப்பையில் வைத்திருந்தால் போலீஸ் பிடிக்காது என்று நினைத்தவர்கள் உண்டு. அபராதத்துக்கான சிறை வாரண்டின் முன் அது வெறும் தாள்.

அபராதம் வரும் என்று தெரிந்ததும் வீட்டை மச்சான் பெயருக்கு எழுதுவது மூன்றாவது. பத்திரம் எழுதி இரண்டு ஆண்டுக்குள் ஐ.பி. மனு வந்து, அதில் நொடித்தவர் என்று தீர்மானமானால், உண்மையான விலை வாங்காத அந்த எழுத்தை ரிசீவர் உடைக்கலாம். சொத்தை மறைத்ததும் கணக்கை அழித்ததும் நிரூபணமானால் ஓராண்டு வரை புதிய சிறை. பழைய அபராதம் அப்படியே இருக்கும்.

கவனம்: ‘ஃபைனையும் சேர்த்து முடித்துத் தருகிறேன்’ என்று பேக்கேஜ் பேசும் இடைத்தரகரிடம் பணம் கொடுக்காதீர்கள். அவர் முடிப்பது உங்கள் பணத்தை.

கட்ட ஒன்றுமே இல்லை என்றால்

அபராதம் கட்ட வழியில்லாமல் சிறையிலேயே இருக்கும் ஏழைக் கைதிகளுக்காக 2023-இல் மத்திய உள்துறை ஒரு திட்டம் கொண்டுவந்தது. தண்டனைக் கைதிக்கு அபராதத்துக்காக 25,000 ரூபாய் வரை கிடைக்க வழியுண்டு. கலெக்டர், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் செயலர், போலீஸ் எஸ்.பி., சிறைக் கண்காணிப்பாளர் அடங்கிய குழு முடிவு செய்யும். போதைப்பொருள், பணமோசடித் தடுப்பு, உபா போன்ற வழக்குகளுக்குக் கிடையாது.

கேட்க வேண்டிய இடம் சிறை அலுவலகம் அல்லது மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழு. 15100 என்ற இலவச எண்ணிலும் பேசலாம். கையோடு தீர்ப்பு நகல், வருமானச் சான்று, ரேஷன் கார்டு நகல், ஐ.பி. மனு எண் கொண்டுபோங்கள். கைதியின் வீட்டார் நேரில் போனால், சிறையில் எத்தனை நாள் கழிந்தது, எத்தனை ரூபாய் மீதம் என்று மேலே சொன்ன விகிதப்படி ஒரு சின்னக் கணக்கும் எழுதிக்கொண்டு போங்கள். முழு அபராதமும் 25,000-ஐத் தாண்டினாலும், விகிதப்படி வரும் மீதி அதற்குள் அடங்கிவிடலாம்.